வன்னி ஆய்வுகூடத்தில் எம்.ஆர்.ஐ. படிமத்துக்கான இரும்பு ஒட்சைட்டு நனோத்துணிக்கைகள்: தயாரிப்பும் சோதனையும்

காந்தம் ஒன்றை முகவையின் அருகே கொண்டு சென்றதும் உள்ளிருக்கும், இரும்பு ஒட்சைட்டு நனோத்துணிக்கைகள் (மீற்றரின் நூறு கோடியில் சில பங்கு பருமனானவை) மிதக்கும் கறுப்புத் திரவம் அப்பக்கமாக ஒதுங்குவதைக் கண்ட இறுதியாண்டு மாணவர் ஒருவர் தம்முடைய செய்திட்டம் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்று நினைப்பது வழமை. கொல்லன் பட்டறையில் பட்டடையின் அடியில் உதிர்ந்து கிடக்கும் கறுப்புச் செதிலும் காந்தத்துக்கு அவ்வாறே ஒதுங்கும். அச்செதிலையும், வைத்தியசாலைகளில் 'கொன்ராஸ்ட்' என்று சொல்லப்படும் படிம மருந்தையும் பிரித்துக் காட்டுவன துணிக்கையின் பருமன், அதன் மேற்பூச்சு, உப்புநீரிலும் குருதிப்பாயத்திலும் படியாமல் நிற்கும் தன்மை, ஒரு மில்லிமூல் இரும்பு நீர்ப் புரோத்தன்களின் தளர்வை (எம்.ஆர்.ஐ. கருவி பெறும் சைகை தேய்ந்துபோவதை) எவ்வளவு விரைவுபடுத்துகிறது என்னும் எண் ஆகியவையே. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் உள்ள பீடங்களில் இத்துறையில் கைவைக்க விரும்புவோரை மனத்திற்கொண்டு, சாதாரண இரசாயன ஆய்வுகூடம் ஒன்றில் எவற்றைச் செய்து முடிக்கலாம், எவற்றுக்கு மாதிரியைப் பொதி செய்து வெளியே அனுப்ப வேண்டும் என்பதை இங்கே எழுதுகின்றேன்.

அசேதனப் படிமப் பொருள்கள் பல உள்ளன. பொன் துணிக்கைகள் சி.ரி. (எக்ஸ்-கதிர்க் குறுக்குவெட்டு) படிமத்துக்கு உதவுவன, பொன்னுப்புக் கரைசலைக் கொதிக்கவைத்துச் சித்திரேற்றினால் தாழ்த்தும் முறை 1951 முதல் அறியப்பட்டது, அழகான சிவப்பு நிறத்தைத் தருவது, ஆனால் பொன்னுப்பின் விலை ஒரு மாணவரின் செய்திட்டப் பணத்தை ஒரே போத்தலில் விழுங்கிவிடும். 2023ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசுக்குரியதாகிய குவாண்டம் புள்ளிகள் ஒளிர்வுப் படிமத்தில் சிறந்தவை, எனினும் அவற்றுட் பல நச்சு உலோகமாகிய கட்மியத்தைக் கொண்டவை. எம்.ஆர்.ஐ. படிமத்தில் இன்று பெருவழக்கிலுள்ள கடோலினியச் சிக்கல்கள் (கடோலினிய அயனைச் சேதன மூலக்கூறு ஒன்று பற்றியுள்ள சேர்வைகள்) நனோத்துணிக்கைகள் அல்ல. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களிடத்தில் அவற்றுட் சில, தோலையும் உள்ளுறுப்புக்களையும் இறுகச் செய்யும் நோயொன்றுடன் தொடர்புடையன என்பது 2006இல் வெளிப்பட்டது. காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டக் கிராமங்களையும் பாதித்திருக்கும் நிலையில், உடலே உள்வாங்கிப் பயன்படுத்தக்கூடிய இரும்பை அடிப்படையாகக் கொண்ட மாற்று ஒன்றை இங்கிருந்து ஆராய்வதற்கு நியாயம் உண்டு என்பது என் கருத்து. டெக்ஸ்திரன் என்னும் சர்க்கரைப் பல்பகுதியம் பூசிய இரும்பு ஒட்சைட்டாகிய பெருமொக்சைட்டு 1996இல் அமெரிக்காவில் ஈரல் படிமத்துக்கு அனுமதிக்கப்பட்டுப் பின்னர் சந்தையிலிருந்து நீங்கியது. பெருமொக்சிரோல் 2009இல் சிறுநீரக நோயாளரின் இரும்புக்குறைபாட்டுச் சோகைக்கு அனுமதி பெற்றது. அதனைச் சில நாடுகளின் வைத்தியர்கள் படிமத்துக்கும் பயன்படுத்துகின்றனர். எனினும் கடுமையான ஒவ்வாமை பற்றிய உயர்நிலை எச்சரிக்கை 2015இல் அதன் மேலுறையில் சேர்க்கப்பட்டது. ஆகவே இரும்பு என்றவுடன் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது.

முதலில் நீர்

வெளியூர் நூல்களில் ஒரு சொல்லில் முடிந்துவிடும் இவ்விடயத்தில் நாம் சற்றுத் தரிக்க வேண்டும். வன்னியின் குழாய்க்கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அந்தக் கல்சியமும் மகனீசியமுமே நம்முடைய துணிக்கைகளின் முதற்பகை. நாம் துணிக்கைகளுக்கு இடும் சித்திரேற்றுப் பூச்சின் (சித்திரிக்கமிலத்திலிருந்து வருவது) காபொட்சில் தொகுதிகள் எதிரேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளுவதாலேயே துணிக்கைகள் பிரிந்து மிதக்கின்றன. இரட்டை நேரேற்றம் உடைய கல்சியம் அயன் அத்தொகுதிகளைப் பற்றி ஏற்றத்தைக் குறைப்பதோடு இரு துணிக்கைகளுக்கிடையே பாலமும் இடுகிறது. காய்ச்சி வடித்த நீரில் மூன்று மாதம் தெளிவாக நின்ற கூழ் (துணிக்கைகள் படியாமல் மிதக்கும் திரவம்), கிணற்று நீரில் அலசிய குடுவை ஒன்றுக்கு மாற்றப்பட்டதும் ஒரே இரவில் அடியிற் படிந்ததை நான் கண்டிருக்கின்றேன். எனவே கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவும் இறுதி மூன்று அலசல்களும் அயனகற்றிய நீரிலேயே நிகழ வேண்டும். கடத்துதிறன்மானி ஒன்றை அருகில் வைத்து, நீரின் கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 2 மைக்குரோசீமனுக்கு மேற்பட்டால் அன்றைய வேலையைத் தொடங்காதிருப்பது நல்ல பழக்கம்.

கொக்கிளாய் தொடக்கம் புல்மோட்டை வரையான கரையின் கறுமணலிலிருந்து இரும்பைப் பெறலாமே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அம்மணலின் கறுமைக்குப் பெருங்காரணம் இல்மனைற்று, அதாவது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. அதனுடன் உரூத்தைல், சேர்க்கன், சிறிதளவு தோரியம் கொண்ட மொனசைற்று ஆகியனவும் கலந்திருக்கும். நிறப்பொருள் தொழிலுக்கு அது செல்வம், உடலினுட் செலுத்துவதற்கான பொருளுக்கு மூலப்பொருளாகாது. பகுப்பாய்வுத் தர உப்புக்களையே வாங்குங்கள்.

துணிக்கையை ஆக்குதல்

நாம் பயன்படுத்தும் முறை இணைவீழ்படிவாக்கம், அதாவது இருவகை இரும்பு அயன்களைக் காரத்தால் ஒருங்கே வீழ்படியச் செய்தல். இதனை 1981இல் பிரான்சின் இரசாயனவியலாளர் மசார் வகுத்தளித்தார். ஒரு பங்கு பெரசு அயனும் (இரட்டை நேரேற்ற இரும்பு) இரண்டு பங்கு பெரிக்கு அயனும் (மூன்று நேரேற்ற இரும்பு) காரத்தில் எட்டு ஐதரொட்சைட்டு அயன்களைச் சந்திக்கும்போது மக்னற்றைற்று (காந்தத் தன்மையுள்ள கறுப்பு இரும்பு ஒட்சைட்டு) ஒரு மூலக்கூறும் நீர் நான்கும் விளைகின்றன. இந்த ஒன்றுக்கு இரண்டு என்னும் விகிதம் தவறினால் மற்றைய இரும்பு ஒட்சைட்டுக்கள் கலந்துவிடும். விகிதத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தராசு அன்று, பெரசு உப்பே. புதிய பெரசுக் குளோரைட்டு வெளிறிய பச்சை நிறமானது. பழுப்பு ஏறியிருந்தால் அதன் ஒரு பகுதி ஏற்கெனவே பெரிக்காகிவிட்டது என்று பொருள், அந்தப் போத்தலை ஒதுக்கிவிட வேண்டும். பெரிக்குக் குளோரைட்டோ ஈரத்தை இழுப்பது. கார்த்திகை, மார்கழி மழையில் போத்தலைத் திறந்து வைத்தால் தராசுத் தட்டிலேயே அது கசிந்து ஒட்டத் தொடங்கும். உலர்த்திச் சாடியில் வைத்து, விரைந்து நிறுத்தெடுக்க வேண்டும்.

100 மில்லிலீற்றர் அயனகற்றிய நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நைதரசன் வாயுவைக் குமிழவிட்டபடியே ஆறவிடுங்கள். நைதரசன் உருளை கிடைக்காதவிடத்து ஆகனும் இவ்வேலைக்குப் போதும். மூன்று கழுத்துக் குடுவையில் அந்நீரை ஊற்றி, செறிந்த ஐதரோகுளோரிக்கமிலம் 1 மில்லிலீற்றர் சேர்த்து, பெரிக்குக் குளோரைட்டு அறுநீரேற்று 5.41 கிராமையும் பெரசுக் குளோரைட்டு நான்நீரேற்று 1.99 கிராமையும் கரையுங்கள். இவை முறையே 20, 10 மில்லிமூல் ஆகும். அமிலம் இல்லாவிடின் பெரிக்கு அயன் காரம் சேருமுன்பே நீருடன் தாக்கமுற்றுக் கலங்கிவிடும்.

கலக்குவதற்குக் காந்தக் கலக்கியைப் பயன்படுத்தாதீர்கள். விளைபொருளே காந்தப் பொருளாகையால் அது கலக்கித் துண்டின்மீது முள்ளம்பன்றிபோல் அப்பிக்கொள்ளும். கரைசல் தேங்கும், பருமன் பரவல் விரியும். மேலிருந்து இறங்கும் தண்டுக் கலக்கியே வேண்டும், நிமிடத்துக்கு 800 முதல் 1000 சுற்று வரை. மின்வெட்டு ஏற்படக்கூடிய நாள்களில் அக்கலக்கியை மின்கலத் துணை வழங்கி ஒன்றின் ஊடாக இணைத்துவிடுங்கள். காரம் சேரும் முதல் நிமிடங்களில் துணிக்கைகள் வளரத் தொடங்கும் கருக்கள் தோன்றுகின்றன, அப்போது கலக்கல் பத்து விநாடி நின்றாலும் அந்தத் தொகுதி (ஒரே தடவையில் ஆக்கும் பொருள்) பிழைக்காது. வெப்பமூட்டி சிறிது நேரம் நின்றுபோவது அந்த அளவுக்குப் பாதகமில்லை.

குடுவையை 60 முதல் 70 பாகை செல்சியசு வரை சூடாக்கிய பின்னர் 25 சதவீத அமோனியாக் கரைசல் 20 மில்லிலீற்றரை இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஊற்றுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. இச்செறிவிலுள்ள அமோனியாக் கரைசல் ஏறத்தாழ 38 பாகையிலேயே கொதிக்கத் தொடங்குவது. சித்திரை, வைகாசி நண்பகலில் தகரக் கூரையின் கீழுள்ள களஞ்சிய அறை அதற்கு வெகு தொலைவில் இல்லை. போத்தலை அரை மணி நேரம் பனிக்கட்டியில் வைத்து, புகை அகற்றும் கூண்டினுள், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, மூடியைச் சிறிது சிறிதாகத் திருகித் திறக்க வேண்டும். செம்மஞ்சட் கரைசல் ஒரு கணத்தில் கருங்கறுப்பாக மாறும். பி.எச். பெறுமானம் 9ஐத் தாண்டியுள்ளதா என்று தாளினால் பார்த்து, மேலும் 30 நிமிடம் நைதரசனின் கீழ்க் கலக்குங்கள். கறுப்புக்குப் பதில் செம்பழுப்பு தோன்றினால் ஒட்சிசன் புகுந்துள்ளது அல்லது பெரசு உப்பு பழுதடைந்தது. அத்தொகுதியைக் காப்பாற்ற முயன்று நேரத்தை இழக்காதீர்கள்.

அடுத்தது பூச்சு. குடுவையின் அடியில் வலிய காந்தத்தை வைத்துக் கறுப்பை நிலைநிறுத்தி, மேனீரை வடித்து, வாயுநீக்கிய நீரால் இருமுறை கழுவி, மறுபடியும் 100 மில்லிலீற்றரில் கலக்குங்கள். சித்திரிக்கமிலம் 2 கிராமை 4 மில்லிலீற்றர் நீரில் கரைத்துச் சேர்த்து, 90 பாகையில் ஒரு மணி நேரம் நைதரசனின் கீழ் வைத்திருங்கள். பூச்சு நன்றாக அமைந்ததற்கு ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு: முன்னர் ஒரு நிமிடத்தில் காந்தத்தில் ஒட்டிய கறுப்பு இப்போது ஒட்ட மறுக்கும். துணிக்கைகள் தனித்தனியாகப் பிரிந்து மிகச் சிறியனவாகிவிட்டதனால் வெப்ப அசைவு காந்த இழுவையை வெல்கிறது. இதனைக் கண்டு பொருள் கெட்டுவிட்டது என்று கொட்டியவரும் உளர். இந்நிலையில் கழுவுவதற்கு அசற்றோனை ஊற்றித் திரளச் செய்து, காந்தத்தால் பிரித்து, நீரில் மீளக் கலக்க வேண்டும். இருமுறை போதும். பின்னர் 12 முதல் 14 ஆயிரம் தோற்றன் (மூலக்கூற்று நிறையின் அலகு) வெட்டெல்லையுள்ள, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் கூழ்பிரிப்புக் குழாயில் இட்டு, அயனகற்றிய நீரை நாளுக்கு இருமுறை மாற்றி, இரண்டு மூன்று நாள்கள் வையுங்கள். எஞ்சிய கட்டற்ற சித்திரேற்றும் இரும்பு அயனும் வெளியேறாவிடின் பின்வரும் சோதனைகள் அனைத்தும் பொய் சொல்லும். இறுதியில் மிகைத் திரள்களை மையநீக்கியால் அகற்றி, 0.22 மைக்குரோமீற்றர் வடியின் ஊடாகச் செலுத்தி, கூழாகவே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைய விடாதீர்கள், உலர்த்தித் தூளாக்காதீர்கள். உலர்ந்த துணிக்கைகளை மீண்டும் தனித்தனியே பிரிப்பது எளிதன்று.

சோதனை: இங்கேயே முடிவன

செலவான கருவியை நாடுமுன் செலவற்ற சோதனையில் தோற்றுப்போவதே நல்லது. ஐந்து சிறு குப்பிகளில் முறையே நீர், 0.9 சதவீத உப்புநீர், பொசுபேற்றுத் தாங்கற் கரைசல், கலவளர்ப்பு ஊடகம், 10 சதவீத பசுக்கன்றுச் சீரம் சேர்த்த ஊடகம் ஆகியவற்றை எடுத்து, கூழைச் சம அளவு சேர்த்து, 37 பாகையில் ஒரு நாள் விடுங்கள். சித்திரேற்றுப் பூச்சு மட்டுமே உள்ள துணிக்கைகள் பொசுபேற்றில் திரளுவது அடிக்கடி நிகழும், ஏனெனில் பொசுபேற்று இரும்பு மேற்பரப்பைச் சித்திரேற்றிலும் இறுகப் பற்றி அதனைக் கழற்றிவிடுகிறது. அவ்வாறு நிகழ்ந்தால் டெக்ஸ்திரன் அல்லது பொலியெதிலீன் கிளைக்கோல் பூச்சுக்குத் திரும்புங்கள். அந்தத் தொகுதியை எம்.ஆர்.ஐ. கருவி வரை சுமந்து செல்வதில் பயனில்லை.

இரண்டாவது, இரும்பின் செறிவு. துணிக்கையின் நிறையை வைத்துக் கணக்கிடுவோர் பூச்சின் நிறையையும் ஒட்டியுள்ள நீரின் நிறையையும் இரும்பாக எண்ணிவிடுகின்றனர். இந்த ஓர் எண் பிழைத்தால் பின்வரும் ஒவ்வோர் எண்ணும் பிழைக்கும். நல்ல வேளையாக இதற்கு இளமாணி வகுப்பில் உள்ள ஒளியுறிஞ்சல் மானியே போதும். கூழ் 0.1 மில்லிலீற்றருடன் செறிந்த ஐதரோகுளோரிக்கமிலம் 1 மில்லிலீற்றர் சேர்த்து, கறுப்பு முற்றாக நீங்கித் தெளிந்த மஞ்சளாகும் வரை 60 பாகையில் வைத்து, 100 மில்லிலீற்றருக்கு ஐதாக்குங்கள். அதிலிருந்து 10 மில்லிலீற்றரை 25 மில்லிலீற்றர் கனமானக் குடுவைக்கு எடுத்து, 10 சதவீத ஐதரொட்சிலமீன் ஐதரோகுளோரைட்டு 1 மில்லிலீற்றர் சேர்த்து இரும்பு முழுவதையும் பெரசாக்கி, சோடியம் அசற்றேற்றினால் பி.எச். பெறுமானத்தை 4க்கும் 5க்கும் இடையே கொணர்ந்து, 0.1 சதவீத பெனந்திரோலின் 3 மில்லிலீற்றர் சேர்த்து, குறிவரை நீர் நிரப்பிப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். செம்மஞ்சள் நிறத்தை 510 நனோமீற்றரில் அளவிடும்போது லீற்றருக்கு 1 மில்லிகிராம் இரும்பு ஏறத்தாழ 0.2 உறிஞ்சலைத் தரும். மூலக் கூழில் மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் இரும்பு இருந்தால் இங்கே 0.4 அளவில் வாசிப்பு வரவேண்டும். அது லீற்றருக்கு ஏறத்தாழ 90 மில்லிமூல். நியமக் கரைசல்களால் வரையப்பட்ட நேர்கோடு இன்றி இவ்வாசிப்பை எழுதிக்கொள்ளாதீர்கள்.

வெளியே அனுப்ப வேண்டியன

இயங்கியல் ஒளிச்சிதறல் கருவி பூச்சோடும் சூழ்ந்துள்ள நீரோடும் சேர்ந்த பருமனைக் காட்டுவது. சிதறல் துணிக்கையின் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதனால், 10 நனோமீற்றர் துணிக்கை பத்து இலட்சம் சேர்ந்து தரும் சிதறலை 100 நனோமீற்றர் திரள் ஒன்றே தந்துவிடும். வரட்சிக் காலத்தில் வீதிச் செம்மண் புழுதி குப்பியில் விழுந்தாலே வாசிப்பு பாழாகும். பருமன் எவ்வளவு பரவியுள்ளது என்று காட்டும் பல்பரவற் சுட்டி 0.2க்குக் கீழ் இருத்தல் விரும்பத்தக்கது. நீரில் துணிக்கை மேற்பரப்பின் ஏற்றத்தைக் காட்டும் சீற்றா அழுத்தம் எதிர் 30 மில்லிவோற்று அளவில் இருந்தால் சித்திரேற்று உறுதியாக அமர்ந்துள்ளது என்று கொள்ளலாம். ஊடுகடத்து இலத்திரன் நுணுக்குக்காட்டி பூச்சின் உள்ளேயுள்ள அகணியை மட்டும் காட்டும். ஆகவே ஒளிச்சிதறலில் 35 என்றும் நுணுக்குக்காட்டியில் 10 என்றும் வந்தால் முரண்பாடு என்று பதற வேண்டியதில்லை. படத்தில் அழகான ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்காமல் பல இடங்களிலிருந்து குறைந்தது 200 துணிக்கைகளை அளவிடுங்கள்.

எக்ஸ்-கதிர்க் கோணலில் செப்புக் கதிரைப் பயன்படுத்தினால் 30.1, 35.5, 43.1, 53.5, 57.0, 62.6 பாகைகளுக்கு அண்மையில் உச்சிகள் தோன்ற வேண்டும். செப்புக் கதிர் இரும்பையே ஒளிரச் செய்வதனால் பின்னணி உயர்ந்து காணப்படும், அது மாதிரியின் குறையன்று. 35.5 பாகை உச்சியின் அரையுயர அகலம், கருவியின் பங்கைக் கழித்தபின், 0.8 பாகை எனின், உச்சியின் அகலத்திலிருந்து பளிங்கின் பருமனைக் கணிக்கும் செரர் சமன்பாடு 10.4 நனோமீற்றரைத் தரும். அகலத்தை ஆரையனுக்கு மாற்ற மறந்த விடைகளை ஒவ்வோர் ஆண்டும் திருத்த வேண்டியிருக்கிறது. மக்னற்றைற்றும் அதன் ஒட்சியேறிய வடிவமாகிய மக்கமைற்றும் இக்கோணலில் ஏறத்தாழ ஒரே கோலத்தைத் தருவன. எனவே 'தூய மக்னற்றைற்று' என்று அறிக்கையில் எழுதுவதைத் தவிர்த்து 'இரும்பு ஒட்சைட்டு' என்று எழுதுவதே நேர்மை. காந்தமானியில் அறை வெப்பநிலையில், புலத்தை ஏற்றி இறக்கும்போது வளையம் திறவாத ஒற்றைக் கோடு வரவேண்டும். பருப்பொருள் மக்னற்றைற்றின் நிரம்பல் காந்தமாக்கம் கிராமுக்கு 92 மின்காந்த அலகு. நம் துணிக்கைகளுக்கு 50 முதல் 70 வரை வருவது இயல்பு.

இனித் தளர்வுத்திறன். இவ்வளவு பாடும் இதற்காகத்தான். இரும்பின் செறிவு லீற்றருக்கு 0, 0.05, 0.1, 0.2, 0.3, 0.5 மில்லிமூல் உள்ள ஆறு ஐதாக்கல்களைச் செய்து, உலோகம் சேராத மூடியுள்ள பிளாத்திக்குக் குழாய்களில் குமிழி இன்றி நிரப்பி, நீர் நிறைந்த பெட்டியில் நிமிர்த்தி நிறுத்துங்கள். குழாய்களுக்கிடையே வளி இருந்தால் படத்தின் விளிம்புகள் வளைந்து தவறான எண்ணைத் தரும். முச்சக்கர வண்டியிலும் பேருந்திலும் வெயிலேறி வந்த பெட்டியை, குளிரூட்டிய கருவி அறையில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, வெப்பநிலையைக் குறித்த பின்னரே படமெடுக்க வேண்டும். நோயாளர் இல்லாத நேரத்துக்கு எழுத்துமூல அனுமதி பெறுங்கள். கழுவும்போது பயன்படுத்திய காந்தம் சட்டைப் பையில் இருக்கிறதா என்று வாசலில் ஒருமுறை தடவிப் பாருங்கள். சைகையைப் பல நேரங்களில் அளவிடும் பல எதிரொலிச் சுழல் வரிசையில், கருவி அனுமதிக்கும் மிகக் குறுகிய எதிரொலி நேரத்திலிருந்து தொடங்கிப் படங்களைப் பெற்று, முதல் எதிரொலியை விலக்கி, சைகை தேயும் வளைவிலிருந்து ஒவ்வொரு குழாய்க்கும் ரி2 நேரத்தை (சைகை தேய்வதன் விரைவைக் காட்டும் நேரம்) கணியுங்கள். ரி2வின் தலைகீழை இரும்புச் செறிவுக்கு எதிரே வரைந்தால் கிடைக்கும் கோட்டின் சாய்வே தளர்வுத்திறன். அது விநாடிக்கு, மில்லிமூலுக்கு 100 எனின், 0.5 மில்லிமூல் குழாயின் ரி2 ஏறத்தாழ 20 மில்லிவிநாடியாகச் சுருங்கி, படத்தில் அக்குழாய் கரியாகத் தெரியும். முன்னர் சந்தையிலிருந்த பெருமொக்சைட்டின் பெறுமானமும் 1.5 தெசுலா காந்தப்புலத்தில் நூற்றையொட்டியதே. உங்களுடையது 300 என்று வந்தால் மகிழ்வதற்கு முன்னர் திரட்சியைச் சந்தேகியுங்கள், ஏனெனில் சிறு கொத்துக்கள் ரி2வை மிகையாகக் குறைக்கும். புலத்தின் வலிமையையும் வெப்பநிலையையும் குறிப்பிடாத தளர்வுத்திறனை எவரும் ஒப்பிட முடியாது. ஒரே குடுவையின் மூன்று வாசிப்புக்கள் மூன்று பரிசோதனைகள் ஆகா. மூன்று வேறு நாள்களில் ஆக்கிய மூன்று தொகுதிகள் வேண்டும்.

கலங்களின் மீதான நச்சுத்தன்மைச் சோதனையில் இரும்பின் செறிவை மில்லிலீற்றருக்கு 200 மைக்குரோகிராம் வரை உயர்த்தி, 24, 48 மணி நேரங்களில் உயிருள்ள கலங்கள் நிறமாற்றும் சாயத்தை அளக்கும் எம்.ரி.ரி. முறையால் அளவிடலாம். துணிக்கைகளும் ஒளியை உறிஞ்சுவதனால், கலங்கள் இன்றித் துணிக்கை மட்டும் இட்ட கிணறுகளை (சோதனைத் தட்டின் சிறு குழிகளை) ஒவ்வொரு செறிவுக்கும் வைத்து அவற்றின் வாசிப்பைக் கழிக்காவிடின், இறந்த கலங்களும் உயிருள்ளனவாகத் தோன்றும். வாழ்திறன் 70 சதவீதத்துக்குக் கீழ் இறங்குவதையே சர்வதேச நியமம் நச்சுத்தன்மை எனக் கொள்கிறது. செங்குழிய உடைவுச் சோதனையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் பூச்சை மாற்ற வேண்டும். ஒரு துளி மனிதக் குருதி எடுப்பதாயினும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி முன்னதாகவே வேண்டும். பற்றீரியா நஞ்சின் எச்சத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். 0.22 வடி பற்றீரியாவைத் தடுக்கும், அதன் சுவரிலிருந்து உதிர்ந்த நஞ்சைத் தடுக்காது. தொடக்கத்திலிருந்தே கண்ணாடிப் பாத்திரங்களை 250 பாகையில் அரை மணி நேரம் சுட்டுப் பயன்படுத்துவதே வழி. விலங்குச் சோதனை இதற்கடுத்த படி, அது தனி அனுமதிக்கும் தனிப் பயிற்சிக்கும் உரியது. இவ்வழிகாட்டியில் ஆக்கிய பொருளை எக்காரணம் கொண்டும் மனிதருக்குச் செலுத்தலாகாது.

கழுவிய நீரையும் தோற்றுப்போன தொகுதிகளையும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். இங்கே ஆய்வுகூடத் தொட்டி ஊறற்குழிக்குச் செல்வது, ஊறற்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருப்பது சில அடி மண். காரத்தை நடுநிலையாக்கி, கறுப்பை வீழ்த்தி, அசற்றோன் கலந்ததை வேறாகப் பெயரிட்ட கலனில் சேர்த்து, கழிவு அகற்றும் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். ஒவ்வொரு குப்பியிலும் தொகுதி எண், திகதி, பூச்சு, பெனந்திரோலின் முறையால் பெற்ற இரும்புச் செறிவு ஆகிய நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். மையால் எழுதியதை அசற்றோன் கை பட்டதும் அழித்துவிடும்.